நல்ல நோக்கமுள்ள தொழிலுக்கு நல்ல வாடிக்கையாளராக இருப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக அக்கறையோடு தொழில் நடத்தும் இளையர்களைப் பற்றிய செய்திகளும் நேர்காணல்களும் தங்கள் நாளிதழில் இடம்பெறுவது மகிழ்ச்சி அளிக்கிறது. அவற்றைப் படித்துவிட்டுப் பேசும்போது, அந்த இளையர்களின் நல்ல மனத்தையும் தியாகத்தையும் நாம் வாயாரப் புகழ்கிறோம். அவர்கள் எப்படி விலை வைக்கிறார்கள், மாதக் கடைசியில் ஊழியர்களின் சம்பளத்துக்கு எங்கிருந்து பணம் புரட்டுகிறார்கள், வாங்கிய பொருளுக்கு நாம் உரிய நேரத்தில் பணம் கொடுக்கிறோமா என்பவற்றைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியவற்றில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஓய்வுபெற்ற கணக்காளனான நான், என் நண்பரின் மகள் நடத்தும் சிறிய உணவு நிறுவனத்தின் கணக்குவழக்குகளைச் சில காலமாகப் பார்த்துக்கொடுத்து வருகிறேன். அவருடைய பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் வெளியிட அவர் விரும்பவில்லை. ஆனால், அங்கே கண்டதை எழுதுவதற்கு அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன்.

சிங்கப்பூரின் செனோக்கோ வட்டாரத்தில், உணவுத் தொழிற்கூடங்கள் நிறைந்த ஒரு கட்டடத்தில் அந்தச் சமையற்கூடம் இயங்குகிறது. அலுவலகக் கூட்டங்களுக்கு மதிய உணவுப் பெட்டிகளும் சிறு நிகழ்ச்சிகளுக்குச் சிற்றுண்டியும் தயாரித்து அனுப்புவது தொழில். அந்தப் பெண்ணுக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்து முடித்தபின் ஒரு ஹோட்டலின் சமையற்கூடத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். சிறப்புக் கல்விப் பள்ளியிலிருந்து பயிற்சிக்காக அங்கே வந்த இளையர்களுக்குக் கரண்டிகளையும் முள்கரண்டிகளையும் துடைத்து அடுக்கும் வேலை மட்டுமே தரப்பட்டதையும், பயிற்சிக் காலம் முடிந்ததும் அவர்களில் ஒருவரைக்கூட வேலைக்கு எடுக்காமல் அனுப்பிவிட்டதையும் அவர் நேரில் பார்த்தார். சிறப்புக் கல்விப் பள்ளிகளில் படிக்கும் பலர் 18 வயதை ஒட்டிப் பள்ளியைவிட்டு வெளியே வருகிறார்கள். அதன்பிறகு பிள்ளை பகலெல்லாம் என்ன செய்யும் என்ற கவலை அந்தப் பெற்றோரை எப்படி வாட்டுகிறது என்பது அத்தகைய குடும்பங்களோடு பழகியவர்களுக்குத் தெரியும். ஹோட்டல் வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்கியபோது, ஊழியர்களில் பாதிப் பேராவது ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கமோ அறிவுத்திறன் குறைபாடோ உள்ள இளையர்களாக இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

அவர்கள் அங்கே என்ன வேலை செய்கிறார்கள் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். விருந்துணவு விநியோகம் செய்ய உரிமம் பெற்ற நிறுவனங்கள், அனுப்பும் உணவின்மேல் அதைச் சமைத்த நேரத்தையும் எந்த நேரத்துக்குள் உண்டு முடிக்க வேண்டும் என்பதையும் குறிக்க வேண்டும் என்பது இங்குள்ள உணவுப் பாதுகாப்பு விதி. சமைத்து நான்கு மணி நேரத்துக்குமேல் வைத்திருந்த உணவை உண்ணக்கூடாது என்பது அதன் அடிப்படை. அவசரத்தில் எந்தச் சமையற்கூடத்திலும் தவறக்கூடிய வேலை இது. இந்தச் சமையற்கூடத்தில் அந்தப் பொறுப்பு மதியிறுக்கம் உள்ள ஓர் இளையரிடம் இருக்கிறது. சோற்றுப் பானையின் மூடி திறந்த நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்து எழுதிக்கொள்வார். ஒவ்வொரு பெட்டியின் மூடியும் நான்கு மூலையிலும் சரியாக அழுந்தியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே அந்த நேரம் குறித்த ஒட்டுவில்லையை ஒட்டுவார். ஒருநாள் வேன் ஓட்டுநர், நேரமாகிவிட்டது என்று சொல்லிப் பெட்டிகளைத் தூக்க முற்பட்டபோது, அந்த இளையர் கையை நீட்டித் தடுத்துவிட்டார். முதலாளியும் ஓட்டுநரிடம்தான் காத்திருக்கச் சொன்னார். வில்லை ஒட்டாத பெட்டி அங்கே வாசலைத் தாண்டுவதில்லை. அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமானவரை எங்கே தேடினாலும் கிடைக்கமாட்டார் என்பது நேரில் பார்த்த என் கருத்து.

வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட சிரமமும் சொல்லத் தக்கது. சாம்பார்ப் பொடி, மிளகாய்த் தூள், மஞ்சள், பெருங்காயம் எல்லாம் ஒரு பானை சமையலுக்குத் தேவையான அளவில் முன்கூட்டியே நிறுத்து, வெவ்வேறு நிற மூடியுள்ள டப்பாக்களில் வைக்கப்படுகின்றன. காய்கறியை எந்த அளவில் நறுக்க வேண்டும் என்பது படமாக மேசைக்கு மேலே ஒட்டப்பட்டுள்ளது. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் ஊழியர்களுக்காகச் செய்த ஏற்பாடு இது. அதன் பயன் மற்றவர்களுக்கும் கிடைத்தது. அறுபதை நெருங்கும் தலைமைச் சமையற்கார அக்கா விடுப்பில் போகும் நாள்களில் சுவை மாறுகிறது என்ற குறை முன்பு வந்துகொண்டிருந்தது. இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு அது நின்றுபோனது. புதிதாகச் சேரும் எவரும் சில நாள்களிலேயே வேலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பலவீனமானவருக்கு ஏற்ப வேலையை ஒழுங்குபடுத்தினால் தொழில் மெலிந்துபோகும் என்று நினைக்கும் முதலாளிகள் அந்தச் சமையற்கூடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த நிறுவனங்களில் சமூக நலனுக்கான தொகை என்பது ஆண்டு முடிவில், லாபம் எவ்வளவு என்று தெரிந்தபிறகு, அதிலிருந்து எடுத்து வைப்பதாகவே இருந்தது. லாபம் குறைந்த ஆண்டில் முதலில் வெட்டப்பட்டதும் அதுதான். இந்தப் பெண்ணின் கணக்கில் அது உற்பத்திச் செலவுக்குள்ளேயே இருக்கிறது. அரிசி, எண்ணெய், வாடகை, எரிவாயு ஆகியவற்றுக்குக் கீழே ‘பயிற்சி நேரம்’ என்று தனியாக ஒரு வரி வைத்திருக்கிறார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கற்றுத்தர மேற்பார்வையாளர் செலவிடும் மணிநேரமும், முதல் சில மாதங்களில் பெட்டி கட்டும் வேகம் குறைவதால் கூடும் நேரமும் அதில் வெள்ளிக் கணக்கில் ஏறுகின்றன. அவர்கள் பழகப் பழக அந்தத் தொகை இறங்குவதும், மீண்டும் ஒருவர் சேரும்போது ஏறுவதும் மாதாமாதம் தெளிவாகத் தெரிகிறது. விலை நிர்ணயிக்கும்போது அந்த வரியையும் சேர்த்தே கணக்கிடுகிறார். ஆகவே எந்த மாதத்தில் இன்னொருவரைத் தாங்க முடியும், எந்த மாதத்தில் முடியாது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். ஒருமுறை, நல்லெண்ணம் கொண்ட ஓர் அமைப்பினர் வந்து ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு வேலை தரும்படி கேட்டுக்கொண்டார்கள். அவர் இருவரை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு ஆறு மாதம் கழித்து இடம் இருக்கும் என்றார். வந்தவர்களுக்கு முகம் சுருங்கிப்போனது. ஐந்து பேரையும் சேர்த்திருந்தால் ஏற்கெனவே இருந்தவர்களின் சம்பளம் தள்ளிப்போயிருக்கும் என்பதைக் கணக்கைப் பார்த்தவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்வேன். இரக்கத்தால் உந்தப்பட்டு வேகமாக வளர்ந்து, பின்னர் மூடப்படும் நிறுவனம் அந்த இளையர்களைத் திரும்ப வீட்டு நாற்காலியிலேயே உட்கார வைத்துவிடும். ஒரு வேலை கிடைத்துப் பழகியபின் அதை இழப்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய அடி என்பதைப் பெற்றோர்கள் அறிவார்கள். ‘இப்போது முடியாது’ என்று சொல்லும் துணிவு அந்தப் பெண்ணிடம் நான் கண்ட குணங்களில் மிக உயர்ந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. உணவுப் பெட்டியின்மேல் ஊழியர்களின் படத்தையோ, அவர்களுடைய குறைபாட்டைப் பற்றிய உருக்கமான வாசகத்தையோ அவர் அச்சிடுவதில்லை. விற்பனை கூடுமே என்று நான் கேட்டதற்கு, “மாமா, பாவம்னு வாங்குறவங்க ஒரு தடவைதான் வாங்குவாங்க. ருசியா இருக்குன்னு வாங்குறவங்கதான் திரும்ப வருவாங்க,” என்றார். திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளர்களைக் கொண்டுதான் அந்தச் சமையற்கூடம் நிற்கிறது என்பதைக் கணக்கும் காட்டுகிறது.

என் மனத்தை உண்மையாகவே வருத்தும் பகுதி இனிமேல்தான். ஊழியர்களுக்குச் சம்பளக் காலம் முடிந்த ஏழு நாள்களுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். மத்திய சேம நிதிச் சந்தா அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். தவறினால் வட்டி உண்டு. வாடகைக்கும் காய்கறிக்கும் தவணை கேட்க முடியாது. ஆனால் உணவை வாங்கிய நிறுவனங்களும் சங்கங்களும் பணம் தருவது இரண்டு மாதம், மூன்று மாதம் கழித்துத்தான். லாபத்தில் நடக்கும் சிறு தொழில்கூட இந்த இடைவெளியில் சிக்கி மூச்சுத் திணறிப்போகும். கடந்த ஆண்டு, நம் சமூகத்தைச் சேர்ந்த ஓர் அமைப்பு தன் நிகழ்ச்சிக்கு அவரிடம் சிற்றுண்டிக்குச் சொல்லியிருந்தது. “நல்ல காரியம்தானே செய்கிறீர்கள், கொஞ்சம் விலையைக் குறைத்துக்கொள்ளக்கூடாதா?” என்று கேட்டு விலையைக் குறைக்க வைத்தார்கள். நிகழ்ச்சியில் அவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த விலைச்சீட்டுக்கான காசோலை பலமுறை நினைவூட்டிய பிறகு, நான்காவது மாதத்தில்தான் வந்து சேர்ந்தது. அவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் விலையைக் குறைக்கச் சொன்ன அந்தத் தொகை எங்கிருந்து வரும் என்று அங்கே ஒருவராவது யோசித்தாரா? அது ‘பயிற்சி நேரம்’ என்ற அந்த வரியிலிருந்துதான் வர வேண்டும். நல்ல காரியத்தைக் காட்டியே நல்ல காரியத்துக்கான பணத்தைக் குறைத்துவிட்டோம்.

சமூக நோக்கமும் வியாபாரமும் சேர்ந்து நடப்பது நமக்குப் புதிதல்ல. நம் தொழிற்சங்கக் காங்கிரஸ் 1969ஆம் ஆண்டில் நடத்திய நவீனமயமாக்கல் கருத்தரங்கின் பயனாகத்தான் இங்கே தொழிற்சங்கக் கூட்டுறவு நிறுவனங்கள் பிறந்தன. 1970ஆம் ஆண்டில் காப்புறுதிக் கூட்டுறவாக இன்கம் தொடங்கியது. விலைவாசி ஏறிக்கொண்டிருந்த 1973ஆம் ஆண்டில் தோ பாயோவில் ‘வெல்கம்’ பேரங்காடி திறக்கப்பட்டது. இன்று நாம் எல்லாரும் அரிசி பருப்பு வாங்கும் ஃபேர்பிரைஸின் தொடக்கம் அதுதான். தொழிலாளர் இயக்கத்துக்கு உதவ வேண்டுமே என்று எண்ணி யாரும் அங்கே போகவில்லை. அரிசி நியாயமான விலையில், நல்ல தரத்தில் கிடைத்ததால் போனார்கள்; அப்படிப் போனதால்தான் விலையை அடக்கும் நோக்கமும் நிறைவேறியது.

தமிழகத்திலும் இதற்கு ஒப்பற்ற முன்மாதிரி உண்டு. மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற பிறகு, 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்டக்கூடியவர்கள் கட்டினார்கள். அந்த வருவாயில், கட்ட முடியாதவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ அறுவைச் சிகிச்சை நடந்தது. ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவரைத் தயார்செய்து வைக்கும் ஒழுங்கும், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் மருத்துவரின் நேரத்தை மிச்சப்படுத்தித் தரும் முறையும் இல்லாமல் அது நடந்திருக்காது. வெளிநாட்டிலிருந்து வந்த செயற்கைக் கண்வில்லையின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்தபோது, 1992ஆம் ஆண்டில் ஆரோலேப் என்ற உற்பத்திக்கூடத்தையே மதுரையில் நிறுவி வில்லையைத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம், மலிவு விலையில் மாதவிடாய்க்கால அணையாடை தயாரிக்கும் இயந்திரத்தைப் பெருநிறுவனங்களிடம் விற்றுச் செல்வம் சேர்த்திருக்கலாம். பெண்களின் சுயஉதவிக் குழுக்களிடம் கொண்டுசென்றார். 2016ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சிக்கனமும் வேகமும் கருணைக்கு எதிரிகள் அல்ல என்பதை, செனோக்கோவில் அந்த நிற மூடி டப்பாக்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன்.

அரசாங்கம் தன் பங்கைச் செய்துவருகிறது. சமூக நிறுவனங்களுக்கு வழிகாட்டவும் நிதியுதவி வழங்கவும் ‘ரைஸ்’ நிலையம் 2015ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. சமூக நிறுவனங்களுக்கான அதிபர் சவால் விருது 2012ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. 2030ஆம் ஆண்டுக்குள், மதியிறுக்கம் உள்ளவர்கள் உட்பட, வேலை செய்யும் வயதிலுள்ள உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினர் வேலையில் இருக்க வேண்டும் என்பது நாட்டின் இலக்கு. மாதம் 4,000 வெள்ளிக்குக் குறைவாகச் சம்பாதிக்கும் உடற்குறையுள்ள ஊழியரின் சம்பளத்தில் 20 விழுக்காடு வரை முதலாளிகளுக்கு ஈடு கிடைக்கிறது. செனோக்கோக் கணக்கில் அந்த ஈட்டுத்தொகை பெரும் ஆறுதல். ஆயினும், சமூக நிறுவனம் என்பதற்கு இங்கே தனிச் சட்ட வடிவம் கிடையாது. மற்ற கடைகளைப் போலத் தனியார் நிறுவனமாகப் பதிவு செய்துகொண்டு, அதே சந்தையில் அதே வாடகை கொடுத்துத்தான் பிழைக்க வேண்டும். தகுதிபெற்ற அறநிறுவனம் ஒன்றுக்கு ஒரு நிறுவனம் 100 வெள்ளி நன்கொடை தந்தால், வரி விதிக்கப்படும் வருமானத்திலிருந்து 250 வெள்ளியைக் கழித்துக்கொள்ளலாம். அதே 100 வெள்ளிக்கு இந்தச் சமையற்கூடத்தில் உணவு வாங்கினால் அது வழக்கமான செலவு மட்டுமே. ஆகவே, நிறுவனங்கள் நன்கொடைக் காசோலையை நீட்டுவதில் காட்டும் ஆர்வத்தை உணவுக்குச் சொல்லி அனுப்புவதில் காட்டுவதில்லை. வரிச் சலுகையை இதற்கும் நீட்டிப்பது குறித்து அதிகாரிகள் ஆராய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை வாங்குவோர் தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

நம் சமூகத்தில் வாங்குவோர் யார்? கோயில் நிர்வாகக் குழுக்கள், சங்கங்கள், முன்னாள் மாணவர் அமைப்புகள், துணைப்பாட நிலையங்கள், சிராங்கூன் சாலையிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை உள்ள நம்மவர்களின் நிறுவனங்கள். சனவரியில் பொங்கல் விழா, ஏப்ரலில் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகள், பிறகு தீபாவளி விருந்துகள் என்று ஆண்டு முழுவதும் நமக்கு உணவும் அன்பளிப்புப் பொருள்களும் தேவைப்படுகின்றன. இவற்றில் ஒரு பகுதியை இத்தகைய நிறுவனங்களிடம் வாங்கலாம். வாங்கும்போது கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும். தொகையில் பாதியை முன்பணமாகவும் மீதியை நிகழ்ச்சி முடிந்த இரண்டு வாரங்களுக்குள்ளும் செலுத்திவிட வேண்டும். ஒரே நாளில் பெரிய விருந்துக்குச் சொல்லிவிட்டு மறந்துவிடுவதைவிட, மாதம் ஒருமுறை நடக்கும் செயற்குழுக் கூட்டத்துக்கு ஓராண்டுக்குச் சேர்த்துச் சொல்லிவைத்தால் அந்தப் பெண்ணால் இன்னொரு இளையரைத் துணிந்து வேலைக்கு எடுக்க முடியும்.

உணவில் குறை இருந்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உப்பு அதிகமாகிவிட்ட ஒருநாள், சாப்பிட்டவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. “பாவம், அந்தப் பிள்ளைகள் செய்தது” என்று மென்றுவிட்டு, அடுத்த மாதம் வேறிடத்தில் உணவுக்குச் சொல்லிவிட்டார்கள். வேறொரு வாடிக்கையாளர், ஒரு சீன நிறுவனத்தின் அலுவலக நிர்வாகி, தொலைபேசியில் கண்டிப்பாகக் குறை சொன்னார். உடனே அளவு டப்பா சரிபார்க்கப்பட்டுத் தவறு திருத்தப்பட்டது. அவர் இன்றும் அங்கேயே வாங்குகிறார்.

இத்தகைய தொழிலில் இறங்க விரும்பும் இளையர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பெண் முதலில் சமையற்கூடத்தில் சில ஆண்டுகள் வியர்வை சிந்தித் தொழிலைக் கற்றுக்கொண்டார். நோக்கத்தை அதன்மேல்தான் ஏற்றினார். நோக்கம் மட்டும் இருந்து தொழில் தெரியாமல் தொடங்கியவர்களின் கணக்குப் புத்தகங்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவை ஓராண்டுக்குமேல் நீளவில்லை. பெற்றோர்களும், பிள்ளை இப்படி ஒரு முயற்சியைப் பற்றிப் பேசும்போது, “உனக்கெதற்கு இந்த வம்பு?” என்று தட்டிக்கழிக்காமல், “கணக்கைக் காட்டு, பார்க்கலாம்” என்று கேட்டால் அது பெரிய உதவியாக இருக்கும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் சமூகத்தினர் நடத்தும் இத்தகைய நிறுவனங்களின் பட்டியலைத் தங்கள் நாளிதழ் திரட்டி, ஆண்டுக்கு ஒருமுறையாவது வெளியிட வேண்டும். உருக்கமான கதைகள் அதில் வேண்டாம். என்ன விற்கிறார்கள், குறைந்தது எவ்வளவுக்குச் சொல்ல வேண்டும், எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்ற விவரங்கள் போதும். சங்கங்களும் நிறுவனங்களும் தீபாவளி விருந்துக்கும் அன்பளிப்புக்கும் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே விலை கேட்கத் தொடங்கிவிடுவதால், பட்டியல் அதற்குமுன் வெளிவந்தால் பெரிதும் பயன்படும். தகவல்களைத் திரட்டுவதில் உதவி தேவைப்பட்டால் தொண்டூழியராக வந்து உதவ நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர்,
ஜூரோங் வெஸ்ட்